உப்புக்காற்றில் பூட்டு விற்பவர்கள் அறிய வேண்டியவை

சில வருடங்களுக்கு முன் ஓர் ஓகஸ்ட் மாத மாலை. எமது கடைக்கு ஊர்காவற்றுறையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் கனடாவில் குடியேறியவர். தாயாரின் திவசத்துக்காக மூன்று வருடங்களுக்குப் பிறகு குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார். முன்கதவில் திறப்பைப் போட்டிருக்கிறார். திறப்பு உள்ளே போயிருக்கிறது, ஆனால் திரும்பவில்லை. கொஞ்சம் பலமாகத் திருப்பியதும் பாதி கையிலும் பாதி பூட்டிலுமாக உடைந்துவிட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு சிறு பிள்ளைகள் பயணக் களைப்பில் விறாந்தையில் படுத்துவிட்டார்கள். கடைசியில் அயலவர்கள் சேர்ந்து கதவை உடைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. அது அவருடைய தகப்பனார் செய்வித்த கதவு.

அந்தப் பூட்டு எமது கடையில் வாங்கியது. அவர் கோபமாகப் பேசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: “நானா, டொரொன்டோவில மைனஸ் இருபதிலயும் என்ர வீட்டுக் கதவு திறக்குது. இஞ்ச இந்த வெயிலுக்கை திறக்கேல்லை. ஏன்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வருடமாகப் பூட்டு விற்கிறேன். ஆனால் பூட்டு ஏன் கெடுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவருடைய கதவைத் திருத்தும் செலவை ஏற்றுக்கொண்டு, உடைந்த பூட்டைக் கடைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துக் கழற்றிப் பார்த்தேன். அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும், வேலைகாரர்களிடம் கேட்டறிந்ததையும் எமது வியாபாரச் சகோதரர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பூட்டின் உள்ளே என்ன நடக்கிறது?

இன்று நாம் விற்கும் வீட்டுக் கதவுப் பூட்டுகளில் பெரும்பாலானவை ஊசிப் பூட்டு வகையைச் சேர்ந்தவை. அமெரிக்கரான லைனஸ் யேல் 1861 இல் காப்புரிமை பெற்ற முறை இது. உருளைக்குள் ஐந்து அல்லது ஆறு சிறு ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் தலைமயிர் போன்ற மெல்லிய சுருள்வில் ஒன்று இருக்கும். திறப்பின் பல் ஊசிகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் உருளை திரும்பும். ஒரேயொரு ஊசி சிக்கிக்கொண்டாலும் திரும்பாது.

நான் கழற்றிய பூட்டில் உருளை பித்தளை. ஊசிகளும் பித்தளை. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுருள்வில்கள் சாதாரண இரும்புக் கம்பி. அவை கறள் பிடித்துத் தூளாகியிருந்தன. இரும்பு கறளானால் முன்பிருந்ததைவிடக் கூடிய இடத்தைப் பிடிக்கும். நூல் அளவு இடைவெளியில் அந்தத் தூள் நிறைந்தால் ஊசி அசையாது. பூட்டின் வெளியே பளபளவென்று இருந்த பாகமோ நாகக் கலவையில் வார்த்து மேலே முலாம் பூசியது. முலாம் பொங்கி, அடியில் வெள்ளைப் பொடி கட்டியிருந்தது.

இதற்குக் காரணம் உப்பு. கடற்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் வருகின்றன. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசிய உப்புகள் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுக்கும். ஆகவே மழையே பெய்யாத நாளிலும் பூட்டுக்குள் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். அந்த நீரில் பித்தளையும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறு பற்றரி போல வேலை நடக்கும். அதில் அரிபடுவது இரும்புதான்.

கடற்கரையை விட்டு உள்ளே போகப் போகக் காற்றில் உப்புக் குறையும். ஆனால் தீவகத்தில் எங்கே விலகிப் போவது? நயினாதீவில் எந்த இடத்தில் நின்றாலும் கடல் ஒரு கிலோமீற்றருக்குள் இருக்கிறது. நெடுந்தீவு பெரிய தீவு என்றாலும் சோளகக் காற்று வீசும் மாதங்களில் முருகைக்கல் வேலிகளைத் தாண்டி உப்பு எல்லா வீட்டுக்கும் வந்து சேரும். கொழும்பில் நன்றாக உழைக்கிறது என்று மொத்த வியாபாரி சொல்லும் பூட்டு குறிகட்டுவான் துறையைத் தாண்டினால் அதே மாதிரி உழைக்கும் என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

குளிர் நாட்டில் என்ன நடக்கிறது?

அந்த வாடிக்கையாளரின் கேள்விக்கு வருவோம். குளிர் நாட்டுப் பூட்டுகளும் கெடுகின்றன. ஆனால் காரணங்கள் வேறு. வீட்டுக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த பூட்டுக்குள் புகுந்து நீராகி, இரவில் பனிக்கட்டியாகி ஊசிகளைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே போட்ட கிறீஸ் குளிரில் மெழுகு போலத் தடித்து, தூக்கிய ஊசி திரும்பி விழாது. மரக்கதவும் நிலையும் சுருங்குவதால் பூட்டின் நாக்கு எதிரே உள்ள துளைக்கு நேரே வராது. பற்றரியில் இயங்கும் பூட்டு என்றால் குளிரில் பற்றரியின் வலு குறைந்து, இறுகிய நாக்கைத் தள்ள முடியாமல் நின்றுவிடும்.

இவை அங்குள்ளவர்களுக்குப் பழகிய தொல்லைகள். அவர்கள் மதுசாரம் கலந்த தெளிப்பானால் பனியைக் கரைப்பார்கள். எண்ணெய்க்குப் பதிலாக உலர்ந்த பொடி போடுவார்கள். அத்துடன் பனி உருகினால் பூட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். எமது கறள் உருகாது. அங்கே கேடு ஒரு பருவத்துக்கு. இங்கே பன்னிரண்டு மாதமும்.

ஆனால் இரண்டுக்கும் ஒற்றுமையும் உண்டு. மார்கழி, தை மாத விடியற்காலையில் போத்தலில் தேங்காய் எண்ணெய் உறைந்திருப்பதை எல்லோரும் கண்டிருப்போம். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். பூட்டு இறுகினால் எமது வீடுகளில் முதலில் விடுவது அந்த எண்ணெயைத்தான். விட்ட அன்று திறப்பு வழுக்கிக்கொண்டு திரும்பும். சில மாதத்தில் அது பிசினாகி, மணலையும் உப்பையும் பிடித்துக் களியாகிவிடும். குளிர்ந்த காலையில் அந்தக் களி இன்னும் தடிக்கும். டொரொன்டோவில் கிறீஸ் செய்வதை இங்கே தேங்காய் எண்ணெய் செய்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிர் நாட்டில் பூட்டுக்குப் பென்சில் கரிப் பொடி, அதாவது கிராபைட், நல்லது என்பார்கள். அங்கிருந்து வருகிறவர்கள் அதையே இங்கும் கேட்பார்கள். உலர்ந்த இடத்தில் அது சரி. உப்புநீர் படும் இடத்தில் கரிப்பொடி உலோகங்களோடு சேர்ந்து அரிப்பைக் கூட்டும். கடலோர வீட்டுக்கு டெஃப்லோன் கலந்த உலர் தெளிப்பான் பொருத்தமானது. கடைகளில் கிடைக்கும் டபிள்யூ.டி. 40 ஈரத்தை வெளியே தள்ளவும் களியைக் கழுவவும் நல்லது. ஆனால் அது நீண்டகால மசகு அல்ல. கழுவிய பின் உலர் தெளிப்பானும் போட வேண்டும்.

பூட்டா, கதவா?

‘பூட்டு பழுது’ என்று வரும் முறைப்பாடுகள் எல்லாவற்றிலும் பிழை பூட்டில் இருப்பதில்லை. மாரி மழையில் மரக்கதவு ஊதும். பிணைச்சல் தளர்ந்து கதவு ஒரு நூல் இறங்கும். அப்போது நாக்கு துளையில் இடிக்கும். ஆள் திறப்பைப் பலமாகத் திருப்புவார். திறப்பு உடையும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். திறந்த நிலையில் இலகுவாகத் திரும்பி, சாத்திய நிலையில் திரும்பாவிட்டால் பழுது கதவில். துளையை அரத்தால் கொஞ்சம் அகட்டினால் அல்லது பிணைச்சலைச் சரிசெய்தால் போதும். இரண்டு நிலையிலும் திரும்பாவிட்டால்தான் பூட்டைக் கழற்ற வேண்டும். தொலைபேசியிலேயே இதைச் சொல்லிக் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு ஒரு படகுப் பயணமும் எமக்கு ஒரு வீண் சண்டையும் மிச்சமாகும்.

பழைய பூட்டு ஏன் உழைத்தது?

தீவகத்துப் பழைய வீடுகளில் விரல் நீளத் திறப்போடு கூடிய கனத்த பெட்டிப் பூட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை நெம்புத் தகட்டுப் பூட்டுகள். பாகங்கள் குறைவு. தகடுகள் தடிப்பானவை. இடைவெளியும் அதிகம். கொஞ்சம் கறள் வந்தாலும் தகடு அசையும். தமிழ்நாட்டில் திண்டுக்கல் கைவேலைப் பூட்டுகளும் இந்த இனம்தான். அவற்றுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நுணுக்கம் கூடிய பூட்டுக்குக் கள்ளத் திறப்புப் போடுவது கடினம். ஆனால் அதே நுணுக்கம்தான் உப்புக்கு முன் அதன் பலவீனம்.

குளிர் நாட்டிலிருந்து எமக்கு வந்த ஒரு நல்ல விடை இருக்கிறது. பின்லாந்துக்காரரான எமில் ஹென்றிக்சன் 1907 இல் வட்டத்தகட்டுப் பூட்டைக் கண்டுபிடித்தார். அப்லோய் என்ற பெயரில் அது பிரபலமானது. இதில் ஊசியும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. வட்டத் தகடுகள் அடுக்காக இருக்கும். திறப்பே அவற்றை அங்குமிங்கும் சுழற்றும். கறள் பிடித்துத் தூளாகச் சுருள்வில் இல்லை. உறைந்து நிற்க ஊசியும் இல்லை. பனிக்காக விரும்பப்பட்ட இந்த முறை உப்புக்கும் பொருந்துகிறது. இப்போது வேறு பல நாட்டுத் தயாரிப்பாளர்களும் இதே முறையில் செய்கிறார்கள். எல்லாம் ஒரே தரம் அல்ல. மலிவானவை உடைக்க இலகுவாக இருக்கும். ஆனால் இறுகி நிற்கும் பிரச்சினை இவற்றில் குறைவு. படலைக்கு ஆமைப் பூட்டு கேட்பவருக்கு இந்த வகையைக் காட்டுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது காந்தம். கடையில் ஒரு சிறு காந்தம் வைத்திருங்கள். பித்தளை என்று சொல்லப்படும் பொருளில் அது ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. ஒட்டாவிட்டால் உடனே பித்தளை என்று முடிவு செய்துவிடாதீர்கள். நாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. மறைவான ஓர் இடத்தில் அரத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளை தெரிந்தால் நாகக் கலவை.

இரண்டாவது சுருள்வில். விற்பனைப் பிரதிநிதியிடம் ‘உள்ளே சுருள்வில் என்ன உலோகம்?’ என்று கேளுங்கள். வெண்கலம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் நல்லது. அவருக்குத் தெரியாவிட்டால் மாதிரிக்கு ஒன்றை வாங்கிக் கழற்றிப் பாருங்கள். ஒரு பூட்டு வீணானாலும் நூறு பூட்டுக்கான விடை கிடைக்கும்.

மூன்றாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இலக்கம். 304 என்பதில் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. 316 இல் இவற்றோடு 2 முதல் 3 வீதம் வரை மொலிப்டினமும் சேர்கிறது. உப்பைத் தாங்குவது அதுதான். கடலோரத்தில் 304 கைபிடியில் தேநீர்க் கறை போல மண்ணிறப் படலம் வரும். உடனே உடையாது, ஆனால் வாடிக்கையாளர் ‘ஸ்டெயின்லெஸ் என்றீர்களே’ என்று வருவார்.

நான்காவது உப்புநீர்ச் சோதனை. ஐரோப்பிய நியமமான ஈ.என். 1670 கதவுப் பொருள்களின் அரிப்புத் தாங்கும் திறனைத் தரம் பிரிக்கிறது. தரம் 3 என்றால் உப்புநீர்ப் புகையில் 96 மணித்தியாலம். தரம் 4 என்றால் 240. தரம் 5 என்றால் 480. பெட்டியில் அல்லது விபரத்தாளில் இந்த இலக்கம் இருந்தால் தீவகத்துக்கு 4 அல்லது 5 ஐத் தெரிவு செய்யுங்கள்.

கடைசியாகத் திருகாணி. நல்ல பூட்டோடு மலிவான மஞ்சள் முலாமிட்ட இரும்புத் திருகாணி வருவதுண்டு. பூட்டு நிற்கும், திருகாணி அரிந்து பூட்டே கழன்று விழும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் திருகாணி சேர்த்து விற்றால் சில ரூபாய்தான் கூடும்.

விலைக் கணக்கு

‘மலிவானது காட்டுங்கோ’ என்பதுதான் வழமை. கணக்குக்காக ஒரு விலை வைப்போம். மலிவுப் பூட்டு 2,000 ரூபா, நல்லது 6,500 ரூபா. பூட்டு மாற்ற மேசனுக்கோ தச்சருக்கோ 2,000 ரூபா. மலிவுப் பூட்டு கடலோரத்தில் இரண்டு வருடம் உழைத்தால் ஆறு வருடத்துக்கு மூன்று பூட்டும் மூன்று கூலியும், மொத்தம் 12,000 ரூபா. நல்ல பூட்டு ஆறு வருடமும் நின்றால் 8,500 ரூபா. நெடுந்தீவு வீடு என்றால் வேலைகாரரின் படகுப் பயணமும் ஒருநாள் சம்பளமும் இதில் சேரும். இந்தக் கணக்கை ஒரு துண்டில் எழுதிக் காட்டினால் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காதவருக்கு மலிவானதையே கொடுக்கலாம். ஆனால் இது இத்தனை காலம்தான் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். குறையைத் தெரிந்துகொண்டு மறைத்து விற்பது எமக்கு ஆகுமானதல்ல. சொல்லி விற்றால் பொறுப்பு இருவருக்கும் உரியது.

எமது கடையிலேயே சரக்குக் கெடுவதும் உண்டு. மட்டைப் பெட்டி ஈரத்தை உறிஞ்சும். நிலத்தில் அடுக்காமல் பலகை மேல் வையுங்கள். முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள். படகில் அனுப்பும் பெட்டியைப் பொலித்தீனால் சுற்றுங்கள். தளத்தில் தெறிக்கும் கடல்நீர் ஒருமுறை பட்டாலே போதும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள்

தீவகத்தில் எமது வாடிக்கையாளர் பலருக்கு வீடு இங்கே, வாழ்க்கை வேறு நாட்டில். புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கங்களில் வருடக்கணக்காகப் பூட்டிய வீடுகள் ஏராளம். தினமும் திறக்கும் பூட்டைவிடத் திறக்காத பூட்டு விரைவில் கெடும். அசைவில்லாத இடத்தில்தான் கறள் ஒட்டிப் பிடிக்கும். விறாந்தைக் கூரையின் கீழ் இருக்கும் பூட்டை மழையும் கழுவாது. உப்பு சேர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது சிலர் வெளிநாட்டிலிருந்து விரல் அடையாளப் பூட்டுகளைக் கொண்டுவருகிறார்கள். ஆள் இருக்கும் வீட்டுக்கு அது வசதி. பூட்டிக் கிடக்கும் வீட்டில் பற்றரி இறங்கி, பின்பு கசிந்து உள்ளே உள்ள சுற்றையே அரித்துவிடும். கட்டாயம் போடத்தான் வேண்டும் என்றால் சாதாரணத் திறப்பும் உள்ள வகையைப் போடச் சொல்லுங்கள். நீண்ட காலம் பூட்டிப் போகும்போது பற்றரியைக் கழற்றிவிட்டு, அந்தத் திறப்பை அயலவரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு நான் சொல்வது மூன்று வேலைகள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பூட்டையும் நாலைந்து தரம் திறந்து பூட்டுவது. வெளிப்புறத்தை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்துப் பின் உலர்த்துவது. மாரி தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் உலர் தெளிப்பான் அடிப்பது. திறப்பு இறுகினால் பலம் போட வேண்டாம், கடைக்கு அழையுங்கள் என்றும் சொல்கிறேன்.

பூட்டிய வீட்டின் அருமை எமது சமூகத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது வாப்பா கடையைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் அந்தத் திறப்பு உம்மாவின் பெட்டியில் இருந்தது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது பூட்டு மட்டுமல்ல, கதவும் நிலையும் இருக்கவில்லை. தீவகத்து மக்களும் அதே வருடத்துப் போரில் வீடு விட்டு ஓடியவர்கள்தான். ஆகவே ஒருவர் தன் வீட்டுக்குத் திரும்பி வந்து திறப்பைப் போடும் நேரம் எப்படிப்பட்ட நேரம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் விற்ற பொருள் ஒருவரை வெளியே நிறுத்தியது என்பதுதான் எனக்கு வலித்தது.

இப்போது எமது கடையில் பூட்டு கேட்டு வருபவரிடம் விலையைச் சொல்லும் முன் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம்? வருடத்தில் எத்தனை மாதம் பூட்டிக் கிடக்கும்? பதிலைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி, பூட்டின் வகையையும் திகதியையும் குறித்து வைக்கிறோம். பழுது வந்தால் எந்த வகை எந்த ஊரில் எத்தனை காலம் உழைத்தது என்பது எமது கையிலேயே இருக்கிறது. மொத்த வியாபாரியிடம் பேசும்போதும் அதுவே எமக்குச் சாட்சி.

ஊர்காவற்றுறைக்காரரின் கதவைத் தச்சர் பழைய பலகையையே சேர்த்துத் திருத்திக் கொடுத்தார். அதில் வட்டத்தகட்டுப் பூட்டுப் போட்டோம். ஒரு திறப்பு அயல்வீட்டில் இருக்கிறது. மாதா மாதம் திறந்து பூட்டுகிறார்கள். சென்ற வருடம் அவர் மறுபடி வந்தபோது கடைக்கும் வந்தார். “நானா, ஒரே திருப்பில திறந்திட்டுது” என்றார். பின்பு படலைக்கும் கிணற்றடி மோட்டர் அறைக்கும் இரண்டு பூட்டு வாங்கிக்கொண்டு போனார்.